மூன்றாவது அறை

"உங்களுக்கென்ன, மூண்டு அறை வீடு!"

லண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில், கலியாணவீடுகளிலும் கோயில் வீதியிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் இந்த வசனத்தை என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். வயிற்றெரிச்சலில் சொன்னவர்களும் இருக்கிறார்கள், மனமார மகிழ்ந்து சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டை இரண்டு குடும்பமாகப் பிரித்து, ஒரு அறைக்குள் இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கும் சனத்துக்கு முன்னால் நின்று, அந்த மூன்றாவது அறை எதற்கென்று விளங்கப்படுத்த எனக்கு வாய் வராது. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். 2013ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அதே வசனம் கடிதத்தாளில் அச்சாகித் தபாலில் வந்தது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். வலிப்பும் உண்டு. கழுத்தைத் தானாக நிமிர்த்திப் பிடிக்க மாட்டான். வாயால் கொடுத்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் வயிற்றில் வைத்த சின்னக் குழாய் வழியாகத்தான் எல்லாம். இரவு பத்து மணிக்கு ஒரு பம்பைப் பொருத்திவிட்டால் விடியும்வரை சொட்டுச் சொட்டாக ஏறும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அவனைப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புத் தோல் சிவந்து புண்ணாகும். சளி அடைத்தால் உறிஞ்சும் மெஷினால் எடுக்க வேண்டும். வலிப்புக்கு நேரகாலம் கிடையாது.

அவனுடைய அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று, முகட்டில் பூட்டிய தண்டவாளத்தில் ஓடும் தூக்கி ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று. இவை போக ஒருவர் நிற்கத்தான் இடம். மூன்றாவது அறை வீட்டின் முன்பக்கம், ஒடுக்கமாக, யன்னலோடு. அதில் ஒற்றைக் கட்டில். மாதம் ஒருமுறை லொறியில் வந்து இறங்கும் உணவுப் பைகள், ஊசிக்குழல்கள், பாட் (நப்பி) பெட்டிகள் முகடு வரை. மூலையில் அவனைக் கட்டி நிமிர்த்தி நிற்கவைக்கும் சட்டகம். கட்டிலுக்குக் கீழே ஒரு சோடி வீட்டுச் செருப்பு. அது வாரத்தில் இரண்டு இரவு எங்கள் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருடையது. கானா நாட்டுப் பெண். ராத்திரி வந்து, மகனைப் பார்த்து, இடையிடையே அந்தக் கட்டிலில் சாய்ந்து, விடிய எழும்பிப் போவார். என் மகன் சத்தம் போட்டுச் சிரித்தது முதலில் அவருடைய குரலுக்குத்தான். அந்த இரண்டு இரவும்தான் நானும் இவரும் நித்திரை கொள்கிற இரவுகள்.

உங்கள் குடும்பத்தின் தேவைக்கு இரண்டு படுக்கையறை போதும், உங்களிடம் மூன்று இருக்கிறது, ஆகவே ஏப்ரல் 1ஆம் திகதி முதல் உங்கள் வீட்டு வாடகை உதவி குறையும் என்றது கடிதம். கணவன் மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, மிச்சம் ஒன்று. ஒரு அறை மிச்சமென்றால் வாடகையில் 14 வீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 வீதம். எங்கள் வாடகை வாரம் 118 பவுண். 16 பவுண் 52 பென்ஸ் இனி எங்கள் கையிலிருந்து போக வேண்டும். வருடத்துக்கு 859 பவுண்.

அது சின்னக் காசு என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. மகனைப் பார்ப்பதற்காக எனக்குத் தரப்பட்ட பராமரிப்பாளர் கொடுப்பனவு அந்த வருடம் வாரம் 59 பவுண் 75 பென்ஸ். அதைப் பெறக் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். 35ஆல் பிரித்தால் மணிக்கு 1 பவுண் 71 பென்ஸ் வரும். நான் பார்த்த மணித்தியாலங்களால் பிரித்தால் அதைவிட எவ்வளவோ குறையும், அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை. இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார், வாரத்தில் மூன்று இரவு. முழு வாரம் போனால் வீட்டில் மகனைத் தூக்க ஆளில்லை.

இந்த உதவிக் குறைப்புக்கான சட்டத்தை அரசாங்கம் 2012இல் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம் என்ற பெயரில் நிறைவேற்றியது. வெட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் மேலதிக அறை மானியத்தை நீக்குதல். சனம் வைத்த பெயர் பெட்ரூம் டாக்ஸ், படுக்கையறை வரி. கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வீடுகளிலும் வீட்டுச் சங்க வீடுகளிலும் இருக்கும், ஓய்வூதிய வயது வராதவர்களுக்குத்தான் இது. அரசாங்கம் தானே வெளியிட்ட மதிப்பீட்டிலேயே 6 லட்சத்து 60 ஆயிரம் குடும்பங்கள் பாதிக்கப்படும், சராசரியாக வாரம் 14 பவுண் இழக்கும் என்று இருந்தது. அதில் ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட, ஏதோவொரு இயலாமை உள்ளவர்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோது கோபத்தை விடத் திகைப்புத்தான் வந்தது. யாருடைய தலையில் விழப்போகிறது என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையையும் எழுதிவைத்துவிட்டுத்தான் கல்லை உருட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்ன நியாயத்தை நான் தட்டிவிடவில்லை. வீட்டுக்காகக் காத்திருக்கும் பட்டியல் நீளம், நெரிசலில் குடும்பங்கள் கிடக்கின்றன, மேலதிக அறை வைத்திருப்பவர்கள் சின்ன வீட்டுக்கு மாறினால் பெரிய வீடு அவர்களுக்குக் கிடைக்கும் என்றார்கள். தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஏற்கெனவே குடும்ப அளவைப் பார்த்துத்தானே உதவி கொடுக்கிறோம் என்றும் சொன்னார்கள். நெரிசலில் கிடக்கும் எங்கள் சனத்தை எனக்குத் தெரியும் என்பதால் இது என்னை உறுத்தியது. ஆனால் நாங்கள் மாறத் தயாரென்று வீட்டுச் சங்கத்துக்குப் போன் எடுத்தபோது அவர்களிடம் இருந்தது இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. லிப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அடிக்கடி பழுது என்றார் அந்தப் பிள்ளை, பாவம், உண்மையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியேறவில்லை, யாருக்கும் எங்கள் வீடு கிடைக்கவுமில்லை. 16 பவுண் 52 பென்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இதில் எனக்கு இன்றுவரை செமிக்காத விசயம் ஒன்று. இங்கிலாந்தில் இயலாமையுள்ளவர்களின் வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண் வரை தரும் மானியம் உண்டு. பிள்ளைக்கென்றால் பெற்றோரின் வருமானத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த மானியத்தில்தான் 2011இல் எங்கள் குளியலறையைப் படியில்லாமல், தண்ணீர் நேராக வழிந்தோடும் தரையாக மாற்றினார்கள், வாசலை அகட்டினார்கள், முகட்டில் தண்டவாளம் பூட்டினார்கள். செய்தது எங்கள் கவுன்சில். இரண்டு வருடம் கழித்து, இது உங்களுக்குப் பெரிய வீடு என்று கடிதம் எழுதியதும் அதே கவுன்சில்தான். முகட்டில் தண்டவாளம் பூட்டிய கை எது, கடிதத்தில் கையெழுத்து வைத்த கை எது என்று அந்தக் கட்டடத்துக்குள் ஒருவருக்கொருவர் தெரியாது.

*

கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் போனது ஒரு ஐயாவிடம். ஊரில் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர், இங்கே மகளோடு இருந்தார். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், தேத்தண்ணி மட்டும். இப்போது அவர் இல்லை.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளை, இதிலை ஒரு சொல்லுக் கிடக்கு, பார்த்தீங்களோ" என்றார். நெருக்கடியில் இருப்பவர்கள் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று கடைசிப் பந்தியில் இருந்த கொடுப்பனவின் பெயர். டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட், டி.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். "முதல் எழுத்துக்கு அர்த்தம் தற்றுணிபு. விளங்குதோ? தந்தாலும் தருவினம், தராட்டிலும் ஏன் எண்டு கேக்கேலாது. உரிமையை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை தற்றுணிபை வைச்சிருக்கினம்."

கச்சேரிச் சுவருக்குள் முப்பது வருடம் இருந்தவருக்குத்தான் அந்தச் சொல்லின் பாரம் தெரியும். எனக்கு அது போகப் போகத்தான் விளங்கியது.

முதல் விண்ணப்பத்தில் பதினொரு பக்கம். சாப்பாட்டுக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு, தொலைக்காட்சிக்கு எவ்வளவு, சிகரெட்டுக்கும் குடிவகைக்கும் எவ்வளவு. சிகரெட் என்ற கட்டத்தில் சைபர் போடும்போது இவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். வருமானக் கட்டத்தில் மகனுக்கு வரும் இயலாமைக் கொடுப்பனவையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அவனுடைய மேலதிக மின்சாரத்துக்கும் துணி தோய்க்கிற மெஷினுக்கும் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் தரும் காசு அது. அதைக் கூட்டிப் பார்த்து, வாரம் 9 பவுண் மிஞ்சுகிறது உங்களுக்கு என்று முதல் தடவை மறுத்துவிட்டார்கள். இப்படிக் கூட்டுவது பற்றி ஒரு வழக்கு நடந்து, சாண்ட்வெல் கவுன்சிலின் கணக்கு சட்டத்துக்கு மாறானது என்று 2015இல் உயர் நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு அது இரண்டு வருடம் பிந்திய செய்தி.

இரண்டாம் தரம் எழுதப் போனபோதுதான் ஐயா என்னைத் தடுத்தார். "காசுக்கணக்கை எழுதி இவையளோடை வெல்லேலாது. ராக்கணக்கை எழுதுங்கோ."

"என்னெண்டு ஐயா?"

"ஒரு கொப்பி வாங்குங்கோ. ராவிலை எழும்பிற ஒவ்வொரு தரமும் நேரத்தைப் போட்டு, என்ன செய்தனீங்கள் எண்டு ஒரு வரி. ஒரு மாதத்துக்கு. அந்த அறையிலை ஆர் படுத்தது எண்டும் எழுதுங்கோ."

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். எழுதத் தொடங்கி ஒரு கிழமை போன பிறகுதான் நான் எப்படி வாழ்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. 11.50, பக்கம் திருப்பியது. 1.15, பம்ப் அலாரம், குழாய் மடிந்து கிடந்தது. 1.40, வலிப்பு, நான்கு நிமிடம். 2.30, சளி. 3.45, பக்கம் திருப்பியது. 5.10, துணி முழுக்க மாற்றியது. ஆறு தடவை. அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் ஒரு வரிதான்: "அவ வந்தவ. நித்திரை." அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

கொப்பியின் போட்டோப் பிரதியோடு போன விண்ணப்பத்துக்கு 26 கிழமைக்கு உதவி கிடைத்தது. 26 கிழமை முடிய மறுபடியும் பதினொரு பக்கம், மறுபடியும் சிகரெட் கட்டம். என் மகனின் வலிப்பு 26 கிழமையில் முடிந்துவிடாது என்று படிவத்தில் எழுத ஒரு இடமும் இல்லை. நான்கு வருடத்தில் எட்டுத் தரம் எழுதினோம், இரண்டு தரம் மறுத்தார்கள். ஒருமுறை, நிதி இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது என்ற ஒரே வரிப் பதில்.

உதவியே கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கிடைத்தது. ஆனால் முடிவுத் திகதி எழுதப்பட்ட உதவியை நம்பி ஒரு பிள்ளையின் படுக்கையை ஓரிடத்தில் போட முடியாது. ஸ்கொட்லாந்தில் அங்குள்ள அரசாங்கம் இதே கொடுப்பனவை, படுக்கையறை வரியால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் முழுதாகக் கொடுக்கும் அளவுக்கு நிதி ஒதுக்கி, வெட்டையே இல்லாமல் ஆக்கியது. அதே சட்டம், அதே வெட்டு. கிளாஸ்கோவில் இருக்கும் ஒரு தாய் அந்தப் பதினொரு பக்கத்துக்கு அழவேண்டியிருக்கவில்லை. எல்லையைத் தாண்டி நான் குடியேறவில்லை, வேறென்ன.

*

கனடாவிலிருந்து சித்தி போனில் சொன்னார். "என்ன பிள்ளை இது, ஊரிலை நாங்கள் இரண்டு அறைக்குள்ளை பத்துப் பேர் படுத்து எழும்பின சனம். ஒரு அறைக்கு இவ்வளவு பாடோ?"

சித்தி சொன்னது உண்மை. வடமராட்சியில் அம்மம்மா வீட்டில் இரண்டு அறைதான், அதிலும் ஒன்றில் நெல் மூட்டை. மற்றதெல்லாம் விறாந்தையும் தலைவாசலும். அந்த விறாந்தையில்தான் சின்ன மாமா இருந்தார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போனவர். அவருக்கென்று தனியறை இருக்கவில்லை. தனியறை ஏன் வேண்டும்? இரவில் அவர் அசைந்தால் பாயில் கிடக்கும் யாரோ ஒருவருக்கு முழிப்பு வரும். அம்மம்மா, பெரியம்மா, சித்தி, சில நாள் முன்வீட்டு ஆச்சி. கிணற்றடிக்குத் தூக்கிப்போக மாமாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் விடிய வந்து நிற்பார்கள். யார் எத்தனை தரம் எழும்பினார்கள் என்று ஒருவரும் கொப்பியில் எழுதவில்லை. (அந்த வீட்டை நான் சொர்க்கமாக்கவும் மாட்டேன். பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் மாமாவைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம்.)

அந்தக் கைகள் இப்போது எங்கே? பெரியம்மாவின் பிள்ளைகள் பாரிஸில், சித்தி ரொறன்ரோவில், நான் லண்டனில், ஆச்சியின் வீடு இருந்த இடத்தில் பற்றை. யுத்தம் கொண்டுபோய் ஒவ்வொரு கையை ஒவ்வொரு தேசத்தில் போட்டுவிட்டது. லண்டனில் என் மகனைச் சுற்றி இருப்பது நானும் இவரும்தான். பத்துக் கைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது வாரத்தில் இரண்டு இரவு வரும் ஒரு பெண்ணும், அவர் சாய ஒரு கட்டிலும், அந்தக் கட்டில் போட ஒரு அறையும். சித்திக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "தம்பி இண்டைக்குச் சிரிச்சவனோ?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குள் இதைப் பேச முடியாமல் இருந்ததுதான் எனக்குக் கடிதத்தைவிடப் பெரிய சுமை. "பெனிபிட்டிலை இருக்கினம்" என்பது ஒரு வசை. இவர் அதைக் கேட்டுவிடுவாரோ என்று கலியாணவீடுகளுக்குப் போவதையே குறைத்தோம். கோயில் மண்டபத்தில் ஐயாவுக்கு முன்னால் இருக்கும் கதிரையில், தெரிந்த யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். ஒரு சனிக்கிழமை எனக்குப் பக்கத்தில் முக்காடு போட்டமாதிரிச் சால்வையை இழுத்துக்கொண்டு ஒரு அக்கா இருந்தார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்கு ஓட்டிசம், இரவில் நித்திரையே இல்லை, தங்கச்சியையும் படுக்கவிடாள். இரண்டும் பத்து வயதுக்குக் கீழ் என்பதால் ஒரே அறையில் படுக்கவேண்டும் என்பது விதி. இயலாமையால் ஒரே அறையில் படுக்க முடியாத பிள்ளைகளுக்குத் தனியறை கணக்கிட வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012 மே மாதமே தீர்ப்பளித்திருந்தது. அது விதிக்குள் எழுத்தாக ஏறியது 2013 டிசம்பரில். ஐயாவிடம் அந்தத் தீர்ப்பின் அச்சுப்பிரதி இருந்தது, மஞ்சள் மையால் கோடு போட்டு. அக்காவுக்காக எழுதிய கடிதத்தில் அதை இணைத்தார். ஆறு கிழமையில் வெட்டு நீங்கிவிட்டது. சால்வையை எடுத்துவிட்டு அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

எங்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு அப்போது இருக்கவில்லை. விதி இப்படி இருந்தது: வாடகைக்காரருக்கோ அவருடைய துணைவருக்கோ இரவில் வெளியிலிருந்து பராமரிப்பாளர் வந்தால் அவருக்கு ஒரு அறை உண்டு. பிள்ளையைப் பார்க்க வரும் பராமரிப்பாளருக்கு இல்லை. மறுபக்கம், ஒரே அறையில் படுக்க முடியாத பிள்ளைகளுக்கு அறை உண்டு, ஒரே அறையில் படுக்க முடியாத கணவன் மனைவிக்கு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாருங்கள். எழுதினவர்கள் எந்த வீட்டிலும் ஒரு இரவு தங்கியிருக்க மாட்டார்கள்.

*

ரதர்போர்ட் என்ற குடும்பத்தைப் பற்றி நான் முதலில் வாசித்தது ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கிடந்த ஒரு பத்திரிகையில். வேல்ஸில், பெம்புரோக்சயரில் இருப்பவர்கள். கடும் இயலாமையுள்ள பேரனை வளர்க்கும் தாத்தாவும் பாட்டியும். மூன்று அறை வீடு, பேரனுக்காக மாற்றியமைத்தது. மூன்றாவது அறையில் வாரத்தில் இரண்டு இரவு பராமரிப்பாளர். நான் அந்தப் பக்கத்தை மகனின் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீட்டைத்தான் வேறு பெயரில் எழுதியிருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் நானும் ஒரே இரவில், ஒரே நேரத்துக்கு, ஒரே வேலைக்கு எழும்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். சவுத்போர்ட்டில் கார்மைக்கல் என்ற தம்பதியும் போட்டிருந்தார்கள். மனைவிக்கு முதுகுத்தண்டுப் பிளவு, விசேட கட்டில் தேவை, அந்த அறையில் கணவருக்கு இன்னொரு கட்டில் போட இடமில்லை. இரண்டு அறை வீட்டில் ஒன்று மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தது அரசாங்கம். 2016 தை மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரதர்போர்ட் குடும்பம் வென்றது. அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பிள்ளையின் இரவுக் கட்டிலுக்கு எதிராக ஒரு அரசாங்கம் நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றம் வரைக்கும் போகும் என்பதை என் அம்மாவுக்கு என்னால் போனில் விளங்கப்படுத்த முடியவில்லை. "ஏன் பிள்ளை, அவைக்கு அதிலை என்ன வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

2016 நவம்பர் 9ஆம் திகதி ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கார்மைக்கல், ரதர்போர்ட் இரண்டு குடும்பமும் வென்றன. பெரியவருக்கு வரும் இரவுப் பராமரிப்பாளருக்கு அறை கொடுத்துப் பிள்ளைக்கு வருபவருக்கு மறுப்பதற்கு, அறையைப் பகிர முடியாத பிள்ளைக்குக் கொடுத்துப் பகிர முடியாத தம்பதிக்கு மறுப்பதற்கு, எந்த நியாயமும் இல்லை என்றார்கள். கொப்பியில் நான் எழுதிவைத்திருந்ததைத்தான் அவர்கள் சட்டமொழியில் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதே நாளில் அதே நீதிமன்றத்தில் இயலாமையைக் காட்டி வழக்காடிய வேறு சிலர் தோற்றார்கள். அவர்களுக்கு உதவி தேவைதான், ஆனால் அறை தேவை என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்க முடியாது, தற்றுணிபுக் கொடுப்பனவைக் கேட்டுப் பெறலாம் என்று விட்டுவிட்டார்கள். வென்ற மகிழ்ச்சியில் அவர்களை யாரும் அதிகம் பேசவில்லை. பதினொரு பக்கம் எழுதியவளாக எனக்கு அவர்களைத்தான் நினைப்பு வந்தது.

விதி திருத்தப்பட்டது 2017 ஏப்ரல் 1ஆம் திகதி. சரியாக நான்கு வருடம். அன்று முதல் எங்கள் மூன்றாவது அறை கணக்கில் அறையானது. அதற்கு முந்திய நான்கு வருடத்துக்கு? 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் இயலாமையுள்ள துணையோடு அறையைப் பகிர முடியாத ஒருவரின் வழக்கில், மனித உரிமைக்கு மாறான விதியைக் கவுன்சில்களும் தீர்ப்பாயங்களும் பின்பற்றவே கூடாது, 2017க்கு முந்திய காலத்துக்கும் அதுதான் என்று சொன்னது. அப்படிப் பழைய பாக்கியைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை. 2013இல் வந்த கடிதத்தின் பின்பக்கத்தில், ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. உதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் நாங்கள் அதைச் செய்யவில்லை. கெஞ்சுவதற்குப் பதினொரு பக்கம் நிரப்பினோம், வாதாடுவதற்கு ஒரு பக்கம் எழுதவில்லை. ஐயா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். "என்ரை பிழை பிள்ளை, நான்தான் கவனிச்சிருக்க வேணும்." இல்லை ஐயா. ஒரு மாதத்துக்குள் சட்டம் படிக்க வேண்டிய நிலையில் அந்தக் கடிதம் யாரையும் வைத்திருக்கக் கூடாது.

இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது அப்படி ஒரு கடிதம் வந்தால், பின்பக்கத்தை முதலில் வாசியுங்கள். திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். கொப்பியை அன்றிரவே தொடங்குங்கள். கோயில் மண்டபத்தில் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்குச் சேரவேண்டியதைக் கேட்பதற்கு ஒரு அக்காவும் சால்வையால் முகத்தை மறைக்க வேண்டாம்.

*

மகனுக்கு இப்போது இருபது வயது. என்னைவிட உயரம். தூக்கி இல்லாமல் அவனை அசைக்க முடியாது. கானா அக்கா மூன்று வருடத்துக்கு முன்பு முழங்கால் நோவோடு ஓய்வுபெற்றுவிட்டார், நத்தாருக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது வேறு பிள்ளை வருகிறாள். செருப்பை வீட்டில் விட்டுப் போகும் அளவுக்கு இன்னும் பழகவில்லை.

வெட்டு என்ற சொல்லும் எங்களை விட்டுப் போகவில்லை. 2025இல் அரசாங்கம், இந்த முறை வேறு கட்சியின் அரசாங்கம், இயலாமைக் கொடுப்பனவின் விதியை இறுக்கப் போவதாகச் சொன்னபோது, மறுபடியும் வீட்டில் அதே பேச்சு. ஆளும் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து நின்றதால் ஜூலை 1ஆம் திகதி வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். அன்று மாலை நான் தொலைக்காட்சிக்கு முன்னால் மகனின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றேன். இவர் ரிமோட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி எழும்பி நின்றார். ஆனால் உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு வரும் மேலதிகத் தொகை, 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்கு ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தச் சட்டத்தில் தங்கிவிட்டது. இன்றைக்கு எட்டு வயதுப் பிள்ளையோடு இருக்கும் ஒரு தாய் அந்தப் பாதியை எங்கே கண்டுபிடிப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

பழைய வீட்டு உதவியிலிருந்து, பல கொடுப்பனவுகளை ஒன்றாக்கிய யூனிவேர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லி எங்களுக்கும் அறிவித்தல் வந்தது, மூன்று மாத அவகாசத்தோடு. இந்த முறை பின்பக்கத்தை முதலில் வாசித்தேன். எல்லாம் கொம்பியூட்டரில். வீட்டில் எத்தனை படுக்கையறை என்று கேட்டது. 3. எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டது. 3. இரவில் வெளியிலிருந்து பராமரிப்பாளர் தங்க வருகிறாரா என்று இன்னொரு கேள்வி. அந்தக் கேள்வி அங்கே இருப்பதற்காகப் பெம்புரோக்சயரில் ஒரு தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஆம் என்று போட்டேன்.

பதின்மூன்றாவது கொப்பி இப்போது நடக்கிறது. நேற்று: 12.20, பக்கம் திருப்பியது. 2.05, பம்ப். 4.30, முழிப்பு, சிரித்தான், காரணம் தெரியவில்லை, அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன்.